ஈயத்துக்குப் பதில்

காசிமேட்டில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு
நான்கு கிலோ கேட்டேன்.
எதுக்கும்மா என்றார் கடைக்காரர்.
போட்டோவுக்கு.
போட்டுக்கு என்று காதில் விழுந்து
எந்தப் போட்டு, நம்பர் சொல்லு என்றார்.
ஏதோ ஒரு நம்பர் சொன்னேன்.

புகைப்படத்தை ஜெலட்டினில் மேடாக எழுப்பும் பழைய முறை இது.
காய்ந்தால் நகம்போல் கெட்டி.
ஈயத்தகட்டின் மேல் வைத்து
அம்பத்தூர் எஸ்டேட்டில் தனகோடியின் பிரஸ் இறங்கினால்
ஈயம்தான் வழிவிடும்.
அப்படி விட்ட பள்ளத்தில் மை ஊற்றித் தாளை அமுக்குவது,
அவ்வளவுதான்.
பள்ளம் எங்கே ஆழமோ அங்கே இருட்டு.
பள்ளமே இல்லாத இடம் வெளிச்சம்.
புள்ளி கிடையாது, கோடு கிடையாது.

"இந்தக் கண்ணாடித் தாளுக்கா
இருநூறு டன்?"
தனகோடி சிரித்தார்.
மூன்றாவது முறை தாள் உடைந்தபோது
சிரிக்கவில்லை, வாடகையில் நூறு குறைத்துக்கொண்டார்.

ஈயத்தைக் காய்ச்சிக் காதில் ஊற்றியதுபோல் என்பார்கள்.
நான் காய்ச்சியது ராயபுரத்தில், மூன்றாம் மாடி பால்கனியில்.
கீழே ஒரு கொடியில்
பத்துமாதப் பிள்ளையின் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன.
அடுப்பை அணைத்தேன்.
மறுநாள் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன்.
ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று
கூவுகிறவர் யாரும் எதிர்ப்படவில்லை,
ஏமாற்றமாக இருந்தது.

பிறகு எதையெல்லாமோ.
அலுமினியம் அசையவே இல்லை.
பிளாஸ்டர் மையிலிருந்த தண்ணீரைக் குடித்துவிட்டு
தாளையும் விடமாட்டேன் என்றது.
மெழுகு நன்றாக வந்தது, துல்லியமாக,
கண் இமைகூடத் தெரிந்தது.
மே மாதம். மதியம் மூன்று மணி. மின்வெட்டு.
நான்கு மணிக்கு அது மெழுகு, அவ்வளவே.

பியூலா பல் செட்டு செய்கிறவள்.
வெள்ளைப் பசையும் ஊதாப் பசையும் சரிபாதி பிசைந்து
ஜெலட்டின்மேல் வழித்தாள்.
"நாலு நிமிஷம். ஆடாம இருக்கணும்.
வாயே திறக்காத நோயாளி, எனக்கு சுகம்."
நாலு நிமிடம் நானும் ஆடாமல் நின்றேன்.
உரித்தாள்.
பால்பல் கழன்றதுபோல் சத்தம்கூட இல்லை.
டன்னும் வேண்டாம், தனகோடியும் வேண்டாம்.

ஆனால் ரப்பர் ரப்பர்தான்.
அமுக்கினால் அமுங்கும், நிழல் கரையைத் தாண்டும்.
முதுகில் கண்ணாடி ஒட்டினோம்.
வெயிலில் மை இறுகாது என்பதால் பனிக்கட்டி.
அதற்குத்தான் கபிரியேலிடம் போனது.
படத்தில் இருப்பதும் கபிரியேல்தான்:
விடியற்காலை மூன்று மணி, மீன்பிடித் துறைமுகம்,
ஐஸ் பாரை இரண்டு கையால் இடுப்புக்கு இழுக்கிறார்,
பின்னால் அத்தனையும் கடல்.

தாளை எடுத்துக் காட்டினேன், ஈரத்தோடு.
முதலில் விரலை வைத்துப் பார்த்தார்.
கடல் விரலில் தடித்தது.
இதென்ன கன்னத்தில் என்றார்.
பசையில் புகுந்த காற்றுக்குமிழி, மச்சமாக அச்சாகிவிட்டது,
வேறு அச்சு எடுக்கிறேன் என்றேன்.
"இருக்கட்டும். எங்கம்மாவுக்கு அங்கதான் இருந்துது."

அப்புறம் ஐஸைத் தடவினார்.
மேடில்லை.
"இங்க மையே இல்லையா?"
இல்லை. அது வெறும் தாள்.
"வெறும் தாளா இவ்ளோ கனம்?"

முழங்கையில் ஐஸ் தண்ணீர் சொட்டியது.
தாளைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.
அந்த அச்சில் இன்னும் இருபது எடுக்கலாம்.
பியூலா முப்பது என்கிறாள்.